புதிதாகச் சேரும் நர்ஸ்களுக்குப் பயிற்சி: ஹாலிலா, சிமுலேஷன் லேபிலா, வார்டிலா?

ஒவ்வொரு ஆண்டும் பி.எஸ்சி, டிப்ளமா ரிசல்ட் வந்து, கவுன்சில் பதிவும் முடிந்த பிறகு புது ஸ்டாஃப் நர்ஸ்கள் ஒரு பேட்ச்சாக மருத்துவமனைகளுக்கு வந்து சேர்கிறார்கள். அவர்களுடைய முதல் மூன்று மாதங்களை எப்படிச் செலவிடுவது என்று நர்சிங் சூப்பரின்டென்டன்டும் ஹெச்.ஆரும் நிர்வாகமும் முடிவெடுத்தாக வேண்டும். பொதுவாக மேசைக்கு வரும் யோசனைகள் ஐந்து. வழக்கம்போல செமினார் ஹாலில் இரண்டு வார இண்டக்ஷன், அதாவது அறிமுக வகுப்பு. மொபைலில் பார்க்கும் வீடியோ பாடங்கள். நோயாளிக்குப் பதிலாக மனித உருவ டம்மியை வைத்துப் பழகும் ஒரு சிமுலேஷன் லேப். புதியவரை ஒரு சீனியரிடம் ஒப்படைக்கும் பிரிசெப்டர் முறை. கடைசியாக, வார்டிலேயே அடிக்கடி நடத்தும் சிறு பயிற்சிகள்.

நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுப்பதே என் வேலை. 100 முதல் 300 படுக்கைகள் உள்ள மருத்துவமனைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பெரிய மருத்துவக் கல்லூரிகளின் வசதியும் ஆள்பலமும் வேறு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் இருக்கும் பணத்தை முதலில் சீனியர் நர்ஸின் நேரத்துக்குக் கொடுங்கள். அடுத்து வார்டில் வாரம் ஒரு சிறு பயிற்சியைப் பழக்கமாக்குங்கள். ஹால் வகுப்பை இரண்டு நாளாகச் சுருக்குங்கள். விலையுயர்ந்த டம்மியை வாங்குவது இதெல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு யோசிக்க வேண்டியது. ஏன் இந்த வரிசை என்பதைக் கீழே சொல்கிறேன்.

புதியவரிடம் இல்லாதது எது?

“நாலு வருஷம் காலேஜில் படித்துவிட்டு வந்தவருக்கு மறுபடி என்ன சொல்லித்தருவது?” என்று நிர்வாகத்தில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் கொண்டுவந்த பி.எஸ்சி பாடத்திட்டத்தில் செமஸ்டர் முறையோடு சிமுலேஷன் நேரமும் சேர்ந்திருக்கிறது. படித்தது பலருக்கும் நன்றாகவே நினைவிருக்கிறது. உடலுக்குப் போதிய ரத்த ஓட்டம் கிடைக்காத ஷாக் நிலை என்றால் என்ன என்று கேட்டால் வகைகளோடு ஒப்பிப்பார்கள்.

மாலை ஷிஃப்டை நினைத்துப் பாருங்கள். மூன்றாம் படுக்கையில் டிரிப் முடிந்துவிட்டது. ஐந்தாம் படுக்கையின் அட்டெண்டர் டிஸ்சார்ஜ் பில்லுக்காக நான்காவது முறையாக வந்து நிற்கிறார். ஆறு மணி ஆன்டிபயாடிக் இன்னும் போடவில்லை. டாக்டர் ரவுண்ட்ஸுக்கு வந்துகொண்டிருக்கிறார். எட்டாம் படுக்கையில் காலையில் ஆபரேஷன் முடிந்தவருக்கு நாடித்துடிப்பு 118, பிபி 96/60. ஆனால் அவர் பேசாமல் அமைதியாகப் படுத்திருக்கிறார். புதியவர் யாரிடம் முதலில் போவார்? பெரும்பாலும் சத்தம் போடுகிறவரிடம். எட்டாம் படுக்கைக்காரர் சத்தம் போட மாட்டார், ஆனால் அந்த எண்கள் ஷாக்கின் தொடக்கமாக இருக்கலாம். ஷாக் வகைகளை ஒப்பிக்கத் தெரிந்த அதே பெண், அந்த எண்களைத் தன் கையாலேயே சார்ட்டில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

இது அவருடைய அலட்சியம் என்று திட்டுவது தவறு. அமெரிக்காவில் பாட்ரிசியா பென்னர் 1980களில் நர்ஸின் வளர்ச்சியை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டினார். ஆரம்பப் படிகளில் இருப்பவர் விதிகளைப் பிடித்துக்கொண்டு நடப்பார். கண்ணில் படுவதெல்லாம் அவருக்கு ஒரே அளவு முக்கியமாகத் தெரியும். எதை இப்போது விடலாம், எதை விடவே கூடாது என்கிற தரம்பிரிப்பு அனுபவத்தில்தான் வரும். அவருக்கும் முன்பே, 1974இல், மார்லின் கிரேமர் கல்லூரியில் கற்ற வேலைக்கும் வார்டில் நடக்கும் வேலைக்கும் உள்ள இடைவெளியில் புது நர்ஸ்கள் எப்படி நிலைகுலைகிறார்கள், ஏன் தொழிலையே விடுகிறார்கள் என்று எழுதினார். ஐம்பது ஆண்டுகள் கழித்து நம் வார்டுகளில் நடப்பதும் அதேதான்.

எனவே ஐந்து யோசனைகளையும் அளக்க என்னிடம் இருப்பது ஒரே கேள்வி. இந்தப் பயிற்சியில் புதியவர் தானே ஒரு முடிவெடுத்து, ஏன் என்று வாய்விட்டுச் சொல்லி, அது சரியா தவறா என்று உடனே தெரிந்துகொள்கிறாரா? ஈடுபாட்டோடு கற்பது என்று நான் சொல்வது இதைத்தான். பலூன் உடைக்கும் விளையாட்டும் குழுவாகக் கைதட்டுவதும் முதல் நாள் பயத்தைப் போக்க உதவும். அந்த அளவோடு சரி.

முடிவெடுக்க வைக்கும் வகுப்பு வெறும் சொற்பொழிவைவிட மேல் என்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. ஸ்காட் ஃப்ரீமனும் உடன் இருந்தவர்களும் 2014இல் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சொற்பொழிவு வகுப்புகளில் தோல்வி விகிதம் சுமார் 34 சதவீதம். மாணவர்களை வேலை செய்யவைத்த வகுப்புகளில் சுமார் 22. அவை அறிவியல், கணிதம், பொறியியல் படித்த கல்லூரி மாணவர்களைப் பற்றியவை. நர்ஸ்களுக்கும் எண் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டு மட்டும் உட்கார்ந்திருப்பதால் கற்பது குறைவு என்பது வார்டு வேலைக்கு இன்னும் அதிகமாகவே பொருந்தும்.

ஃபீட்பேக் ஃபார்மை நம்பி முடிவெடுக்காதீர்கள்

ஒப்பீட்டுக்குள் போகுமுன் இதைச் சொல்லியாக வேண்டும். பல மருத்துவமனைகளில் பயிற்சியின் தரத்தை முடிவுசெய்வது, கடைசியில் கொடுக்கும் ஃபீட்பேக் ஃபார்ம். “வகுப்பு எப்படி இருந்தது?” என்ற கேள்விக்கு ஐந்துக்கு 4.8 வந்தால் அடுத்த ஆண்டும் அதே ஆள், அதே ஸ்லைடு.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஒரு ஆய்வு 2019இல் வெளியானது. ஒரே பாடத்தை ஒரு குழுவுக்கு அழகான சொற்பொழிவாகவும், இன்னொரு குழுவுக்குத் தாங்களே முட்டிமோதிச் செய்யும் முறையிலும் நடத்தினார்கள். தேர்வில் இரண்டாம் குழுவே அதிகம் கற்றிருந்தது. ஆனால் அதிகம் கற்றதாக உணர்ந்தது முதல் குழு. சரளமாகப் பேசுபவரைக் கேட்கும்போது நமக்கும் எல்லாம் புரிந்துவிட்டது போலவே இருக்கும். தானே செய்யும்போது தடுமாற்றம் தெரியும், அது மனதுக்குப் பிடிக்காது.

ஆகவே புதியவர்கள் ஹால் வகுப்புக்கு அதிக மார்க் போட்டு, கேள்வி கேட்ட பிரிசெப்டருக்குக் குறைவாகப் போட்டால் பதற வேண்டாம். டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இலேயே பயிற்சியின் பலனை நான்கு மட்டங்களில் பார்க்கச் சொன்னார்: பிடித்ததா, கற்றாரா, வேலையில் நடத்தை மாறியதா, அதனால் விளைவு மாறியதா. நாம் முதல் மட்டத்திலேயே நின்றுவிடுகிறோம்.

ஒரே பாடம், ஐந்து வழிகள்

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு பார்த்தால் வித்தியாசம் தெளிவாகும். இன்சுலின் ஊசியை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டு வார்டுகளில் இன்றும் மில்லிக்கு 40 யூனிட் வயல் (மருந்துக் குப்பி) புழக்கத்தில் இருக்கிறது. அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். கிளார்ஜின் போன்றவை மில்லிக்கு 100 யூனிட்; அதற்கு ஆரஞ்சு மூடி. சிரிஞ்ச் மாறினால் டோஸே மாறிவிடும்.

ஹாலில் இதை ஒரு ஸ்லைடாகக் காட்டுவோம். சிவப்பு 40, ஆரஞ்சு 100, மாற்றக் கூடாது. எல்லோரும் தலையாட்டுவார்கள், கையெழுத்து வாங்கிவிடுவோம். மொபைல் பாடத்தில் மூன்று நிமிட வீடியோ, கடைசியில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி. சரியாகத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

இப்போது வார்டின் ட்ரீட்மென்ட் ரூமில் நான்கு பேரை நிறுத்துங்கள். ஒரு 40 யூனிட் வயல், இரண்டு நிற மூடியிலும் சிரிஞ்சுகள். இருவருக்குச் சிவப்பு, இருவருக்கு ஆரஞ்சு. “எல்லாரும் 20 யூனிட் எடுங்க.” நால்வரும் 20 என்ற கோடு வரை இழுப்பார்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிவப்பில் அரை மில்லி, ஆரஞ்சில் 0.2 மில்லி. ஆரஞ்சு வைத்திருப்பவர் கையில் இருப்பது 8 யூனிட். அப்புறம் தலைகீழாகக் கேளுங்கள்: 100 யூனிட் வயலிலிருந்து சிவப்பு சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால்? கணக்குப் போட்டுப் பார்த்தால் 50 யூனிட் என்று வரும். அந்த நேரத்தில் முகங்களைப் பார்க்க வேண்டும். இரவு பத்து மணிக்கு அதைப் போட்டுவிட்டு விளக்கை அணைத்தால் நோயாளிக்கு என்ன ஆகும் என்று அவர்களே ஒருவருக்கொருவர் சொல்ல ஆரம்பிப்பார்கள். கால் மணி நேரம் போதும். செலவு சில சிரிஞ்சும் காலாவதியான ஒரு வயலும். பயிற்சி முடிந்ததும் அந்த வயலை உடனே அப்புறப்படுத்திவிட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

பிரிசெப்டர் முறையில் இதே பாடம் உண்மையான நோயாளியின் முன் நடக்கிறது. புதியவர் எடுத்த சிரிஞ்சைப் பிரிசெப்டர் வாங்கிப் பார்த்து, “எத்தனை யூனிட் வயல்ம்மா இது? எந்த சிரிஞ்ச்? சுகர் எவ்வளவு? சாப்பாடு வந்தாச்சா?” என்று கேட்கிறார். நான்கு கேள்வி, ஒரு நிமிடம்கூட ஆகாது. இதையே பத்து நோயாளிகளின் முன் கேட்டால் அது புதியவரின் பழக்கமாகிவிடும்.

சிமுலேஷன் லேபிலும் இந்தப் பாடத்தை நடத்தலாம். ஆனால் அதற்குப் பல லட்சம் ரூபாய் டம்மி தேவையில்லை என்பது இப்போதே தெரிந்திருக்கும்.

ஹால் வகுப்பும் மொபைலும்

ஹால் வகுப்பு ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று நமக்கெல்லாம் தெரியும். மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.ஹெச் அமைப்பின் ஆடிட்டில் இண்டக்ஷன் நடந்ததற்கான வருகைப் பதிவேடு வேண்டும். தீ விபத்து, கை கழுவுதல், மருத்துவக் கழிவு, ஊசி குத்திவிட்டால் என்ன செய்வது, எல்லாவற்றுக்கும் கையெழுத்து வேண்டும். அது தேவைதான், கேலி செய்ய ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு வாரம் தேவையில்லை. மருத்துவமனை நடைமுறை, அவசர எண்கள், யாரிடம் எதைக் கேட்பது, மருந்துப் பாதுகாப்பு விதிகள் என்று இரண்டு நாளில் முடியும். அந்த இரண்டு நாளிலும் கையால் செய்ய முடிந்ததைக் கையாலேயே செய்யவையுங்கள். கழிவுப் பிரிப்பைப் பற்றி நாற்பது ஸ்லைடு காட்டுவதற்குப் பதில் சுத்தமான ஐ.வி. செட், கையுறை, பஞ்சு, ஆம்பூல், ஊசி எல்லாவற்றையும் ஒரு ட்ரேயில் கலந்து வைத்து, மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலப் பெட்டிகளை எதிரே வையுங்கள். கையுறை மஞ்சளா சிவப்பா என்று அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் வரும். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அது சிவப்பு. வாதாடித் தெரிந்துகொண்டது மறக்காது.

இன்னொன்று. நைட் டியூட்டி முடித்து வருபவரைக் காலை எட்டரைக்கு வகுப்பில் உட்காரவைக்காதீர்கள். தூங்குகிறாள் என்று திட்டுவது கொடுமை. ஹாஸ்டலுக்குப் போய்ப் படுக்க வேண்டிய பெண்ணிடமிருந்து எந்த ஈடுபாட்டை எதிர்பார்க்கிறோம்?

மொபைல் பாடம் தனியாகப் பலன் தராது. வீடியோவை ஓடவிட்டுப் பக்கத்தில் துணி மடிப்பது எல்லோரும் செய்வதுதான். ஆனால் வாரம் மூன்று கேள்வியை வாட்ஸ்அப்பில் அனுப்பி, மறுநாள் விடையும் காரணமும் அனுப்பினால் நல்ல துணைக்கருவியாகும். திரும்பத் திரும்பப் படிப்பதைவிடத் தன்னைத்தானே சோதித்துக்கொள்வதே நீண்ட நாள் நினைவில் நிற்கும் என்று உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் காட்டினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது தன்னைச் சோதித்துக்கொண்டவர்கள் முந்தினார்கள். தேவையான கேள்விகளை உங்கள் மருந்து அலமாரியிலிருந்தே எடுங்கள். பொட்டாசியம் குளோரைடு 10 மில்லி ஆம்பூலில் எத்தனை மில்லி ஈக்விவலன்ட்? 15 சதவீதக் கரைசல் என்றால் 20. அதை நேராக நரம்பில் தள்ளலாமா? ஒருபோதும் கூடாது. ஏன்? இந்த ‘ஏன்’ இல்லாத வினா வினாவே இல்லை.

சிமுலேஷன் லேப்: எப்போது, எதற்கு

சிமுலேஷனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அமெரிக்காவில் மாநில நர்சிங் வாரியங்களின் தேசிய கவுன்சில் 10 கல்லூரிகளில் நடத்தி 2014இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதிவரை சிமுலேஷனாக மாற்றினாலும் மாணவர்களின் திறனிலும் உரிமத் தேர்வு வெற்றியிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது, கொட்டேஷன் கொடுக்கும் விற்பனையாளர் அதைச் சொல்ல மாட்டார். அங்கே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு காட்சிக்குப் பின்னும் உட்காரவைத்து என்ன நினைத்தாய், ஏன் செய்தாய் என்று முறையாகப் பேசினார்கள். கற்பது பெரும்பாலும் அந்தப் பேச்சில்தான் நடக்கிறது.

பேச்சை நடத்தத் தெரிந்தவர் இல்லாமல் டம்மி மட்டும் வந்தால் என்ன ஆகும்? திறப்பு விழா, போட்டோ, பிறகு பூட்டிய அறை. சாவி யாரிடம் என்று தேடும் நிலையில் இருக்கும் லேபுகளை நான் பார்த்திருக்கிறேன். மூச்சு விடும், கண் சிமிட்டும் டம்மிக்குக் கொடுக்கும் பணத்தில் சாதாரண சி.பி.ஆர். டம்மிகள் பல வாங்கி ஒவ்வொரு தளத்திலும் ஒன்று வைக்கலாம். நெஞ்சை அழுத்தும் பழக்கம் பயிற்சிக்குப் பின் சில மாதங்களிலேயே தேய ஆரம்பித்துவிடும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம் என்று வாயால் சொல்லத் தெரிந்தவரின் கை அந்த ஆழத்துக்குப் போவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை லேபுக்கு அழைத்துப் போவதைவிட, நைட் டியூட்டியில் வேலை ஓய்ந்த நேரத்தில் தளத்தில் இருக்கும் டம்மியில் இரண்டு நிமிடம் அழுத்துவது மேல்.

தீவிர சிகிச்சைப் பிரிவு பெரிதாக இருந்து, ஆண்டுக்கு ஐம்பது அறுபது புதியவர்கள் வந்து, முழுநேரப் பயிற்சியாளர்கள் இருவராவது இருந்தால் முழு லேப் போடுவதில் அர்த்தம் இருக்கிறது. நம்மில் பலருடைய நிலை அதுவல்ல.

பிரிசெப்டர்: மலிவானது போலத் தெரியும், ஆனால் மலிவல்ல

எல்லா மருத்துவமனையும் “எங்களிடம் பிரிசெப்டர் முறை இருக்கிறது” என்று சொல்லும். போய்ப் பார்த்தால், சீனியருக்கு எட்டு நோயாளிகள். கூடவே ஒரு புதியவர். சீனியர் என்ன செய்வார்? “நீ பிபி பாரு, சாம்பிளை லேபில் கொடுத்துட்டு வா, ஃபார்மசி இன்டென்ட் வாங்கிட்டு வா” என்று அனுப்புவார். மூன்று மாதம் கழித்துப் புதியவருக்கு லிஃப்ட் எந்தத் தளத்தில் நிற்கும் என்று நன்றாகத் தெரிந்திருக்கும். தவறு சீனியருடையது அல்ல. நேரம் கொடுக்காமல் பொறுப்பை மட்டும் கொடுத்ததுதான் தவறு.

உண்மையான பிரிசெப்டர் முறைக்கு விலை உண்டு. ஒரு பேட்ச்சில் பத்துப் புதியவர்கள், இருவருக்கு ஒரு பிரிசெப்டர் என்று ஐந்து பேர். நான்கு வாரம் இவர்களுக்குப் பாதி நோயாளிகள்தான். அப்படியானால் இரண்டரை நர்ஸ்களின் ஒரு மாத வேலையை வேறு யாராவது பார்க்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு பேட்ச் என்றால் ஐந்து நர்ஸ்களின் ஒரு மாதச் சம்பளம். இந்தத் தொகையைத் தனி வரியாக பட்ஜெட்டில் எழுதிக் கேளுங்கள். சிமுலேஷன் லேபுக்கான கொட்டேஷனுக்குப் பக்கத்தில் வைத்தால் நிர்வாகத்துக்கே புரியும். எழுதாவிட்டால் அது பிரிசெப்டரின் ஓய்விலிருந்தும் நோயாளியின் பாதுகாப்பிலிருந்தும் சத்தமில்லாமல் எடுக்கப்படும்.

யாரைப் பிரிசெப்டராகப் போடுவது என்பதிலும் நாம் வழக்கமாகச் செய்வதை மாற்ற வேண்டும். இருபது ஆண்டு அனுபவமுள்ள இன்சார்ஜ் சிஸ்டர்தான் சிறந்த ஆசிரியர் என்று நினைக்கிறோம். அவர் நோயாளியின் முகத்தைப் பார்த்தே “இவர் சரியில்லை, டாக்டரைக் கூப்பிடு” என்பார். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவராலேயே சொல்ல முடியாது. பல வருடம் சைக்கிள் ஓட்டியவரிடம் எப்படிச் சாயாமல் ஓட்டுகிறாய் என்று கேட்பது போல. இரண்டு மூன்று ஆண்டு அனுபவமுள்ளவர் இன்னும் படிப்படியாகவே யோசிக்கிறார். தான் தடுமாறியதும் அவருக்கு நினைவிருக்கிறது. என் அனுபவத்தில் இவர்களே நல்ல பிரிசெப்டர்கள். புதியவரும் இன்சார்ஜிடம் கேட்கப் பயப்படுவதை இவர்களிடம் “அக்கா, இது தெரியல” என்று கேட்டுவிடுவார்.

அந்தப் பயம் சாதாரண விஷயம் அல்ல. கல்லூரியில் மேடம் வந்தால் எழுந்து நின்று, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகி வருகிறார்கள். தெரியவில்லை என்று சொன்னால் எல்லார் முன்னாலும் திட்டு விழும் என்பது ஆழமாகப் பதிந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தோடு இரவு இரண்டு மணிக்கு டியூட்டி டாக்டரை எழுப்பத் தயங்குவார்கள். எனவே பிரிசெப்டருக்கு ஒரு நாள் பயிற்சி கொடுக்கும்போது நான் முதலில் வலியுறுத்துவது, நோயாளியின் முன்னாலும் அட்டெண்டரின் முன்னாலும் புதியவரைத் திருத்தும் குரலைத்தான். அடுத்தது, ஷிஃப்ட் தொடங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள். “உன் நோயாளிகள்ல இன்னிக்கு யார் மோசமாகலாம்னு நினைக்கிற? ஏன்? அப்படி ஆச்சுன்னா முதல்ல என்ன செய்வே?” பதில் தவறானாலும் பரவாயில்லை. ஷிஃப்ட் முடியும்போது இருவரும் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டும். ஹேண்டோவரை, அதாவது அடுத்த ஷிஃப்டிடம் நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஒப்படைப்பதை, புதியவரே செய்யட்டும். பிரிசெப்டர் பக்கத்தில் நின்று, விட்டுப்போனதை மட்டும் சேர்க்கட்டும்.

தமிழிலேயே கேட்கச் சொல்கிறேன். மருந்துப் பெயர், நோய்ப் பெயர் எல்லாம் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். ஆனால் ‘ஏன்’ என்று யோசித்துச் சொல்வது அவரவர் பேசும் மொழியில் இருந்தால்தான் யோசனை வெளியே வரும். தமிழ்வழியில் பள்ளி முடித்து வந்த பெண் ஆங்கிலத்தில் கேட்டால் வாயை மூடிக்கொள்வார். தெரியாததால் மூடினாரா, சொல்ல வராததால் மூடினாரா என்று நமக்குத் தெரியாமலே போய்விடும்.

வார்டில் சிறு பயிற்சி

பிரிசெப்டர் முறையில் ஒரு ஓட்டை இருக்கிறது. அரிதாக வருவது அந்த நான்கு வாரத்தில் வராமலே போகலாம். பிரசவத்துக்குப் பின் பெருகும் ரத்தப்போக்கு, மருந்து ஒவ்வாமையில் மூச்சு அடைப்பது, மக்னீசியம் சல்ஃபேட் அதிகமாகி மூச்சு குறைவது போன்றவை ஆளைத் தயார்செய்துவிட்டு வருவதில்லை. அதற்குத்தான் வார்டிலேயே கால் மணி நேரப் பயிற்சி.

இந்த முறையின் பலனை நன்றாகக் காட்டியது டான்சானியாவில் ஹைடம் என்ற ஊரிலுள்ள மருத்துவமனை. பிறந்தவுடன் மூச்சு விடாத குழந்தைக்குச் செய்ய வேண்டியதை அங்கே ஒரு நாள் பயிற்சியாகக் கொடுத்தார்கள். தேர்வில் எல்லோரும் முன்னேறினார்கள். பிரசவ அறையில் செய்வது மாறவில்லை. பிறகு அதே டம்மியை வார்டிலேயே வைத்து, சில நிமிடப் பயிற்சியை அடிக்கடி நடத்தினார்கள். அப்போதுதான் உண்மையான குழந்தைகளைக் கையாளும் விதம் மாறியது, பிறந்த 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதமும் குறைந்தது. அங்கே பயிற்சி பெற்றவர்கள் எல்லோரும் புதியவர்கள் அல்ல. இருந்தும், ஒரே நாளில் கொட்டிக்கொடுப்பதற்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடர்வதற்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

நம் வார்டில் இதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். அரை லிட்டர் தண்ணீரில் சிவப்புச் சாயம் கலந்து விரிப்பிலும் பேடிலும் ஊற்றி, “எவ்வளவு ரத்தம் போயிருக்கும்?” என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தாளில் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலோர் குறைத்தே எழுதுவார்கள். கண்ணளவை நம்பக் கூடாது, அளந்தோ எடைபோட்டோ பார்க்க வேண்டும் என்பதை அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அப்புறம் எமர்ஜென்சி ட்ராலியை மூடிவைத்துவிட்டு, அட்ரினலின் எந்தத் தட்டில், கால்சியம் குளுக்கோனேட் எந்தத் தட்டில் என்று கேளுங்கள். பெரியவர்களுக்கு ஒவ்வாமைக்கான அட்ரினலின் அளவும் இடமும் கேளுங்கள்: 0.5 மில்லிகிராம், தொடைத் தசையில். வலிப்பைத் தடுக்க மக்னீசியம் ஓடும் தாயிடம் அடுத்த டோஸுக்கு முன் என்ன பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்: முழங்கால் அனிச்சை, மூச்சு எண்ணிக்கை, சிறுநீர் அளவு. சொல்லவிடாமல் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

வாரத்துக்கு ஒன்று, ஷிஃப்ட் மாறும் நேரத்தில், நான்கைந்து பேரோடு. அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் இருவர் செய்ய மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள், மறுபடி ஹால் வகுப்பாகிவிடும்.

யாருக்கு எது?

பிரசவமும் பொது வார்டும் அதிகமுள்ள 100 படுக்கை மருத்துவமனைக்கு இரண்டு நாள் ஹால், நான்கு வாரப் பிரிசெப்டர், வாரம் ஒரு வார்டுப் பயிற்சி, இரண்டு சாதாரண டம்மி போதும். ஐ.சி.யூ. முக்கியமாக உள்ள 300 படுக்கை மருத்துவமனையில் ஐ.சி.யூ.வுக்குப் போகிறவருக்கு மட்டும் ஒருவருக்கு ஒரு பிரிசெப்டர், அதுவும் எட்டு வாரமாவது. ஆள் பற்றாக்குறையில் பிரிசெப்டரை விடுவிக்கவே முடியாது என்றால், பத்துப் பேரை ஒரே நாளில் சேர்க்காமல், ஒரு மூவரின் நான்கு வாரம் முடிந்த பிறகு அடுத்த மூவர் என்று சேருங்கள். மூன்று பேருக்கு இரண்டு பிரிசெப்டர் எந்த மருத்துவமனையிலும் கிடைப்பார்கள். புதியவர்கள் ஓராண்டில் வெளிநாட்டுக்கோ அரசு வேலைக்கோ போய்விடுவார்கள், அவர்கள்மேல் ஏன் செலவு என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. அந்த ஓராண்டில் உங்கள் நோயாளிகளைப் பார்ப்பவர் அவர்தான்.

பலன் தெரிகிறதா என்பதை மூன்றாம் மாத முடிவில் பாருங்கள். ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 1975இல் அறிமுகப்படுத்திய ஆஸ்கி தேர்வு முறையில் ஐந்தாறு மேசை போட்டு, ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடச் செயல் வையுங்கள். இன்சுலின் எடுப்பது, ஹேண்டோவர் கொடுப்பது, ரத்தம் ஏற்றத் தொடங்கிய முதல் 15 நிமிடம் நோயாளியருகில் என்ன பார்ப்பது, மாலை ஷிஃப்டில் ஐந்து நோயாளிகளை வரிசைப்படுத்துவது. பிறகு வார்டின் பதிவுகளை எடுத்துப் பாருங்கள். நோயாளி மோசமானதைச் சார்ட் காட்டிய நேரத்துக்கும் டாக்டரை அழைத்த நேரத்துக்கும் இடைவெளி குறைந்திருக்கிறதா? நடந்த தவறுகளையும் நடக்கவிருந்து தடுத்த தவறுகளையும் புதியவர்கள் தாங்களாகவே எழுதிக்கொடுக்கிறார்களா? இந்த எண்ணிக்கை கூடினால் பயப்படாதீர்கள், பேசத் துணிந்திருக்கிறார்கள் என்று பொருள்.

அடுத்த பேட்ச் சேரும் தேதி தெரிந்ததும் அந்த மாத ரோஸ்டரிலேயே பிரிசெப்டர்களின் பெயரையும் அவர்களுக்கு எத்தனை படுக்கை என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வார்டில் கூட்டம் ஏறும் நாளில் முதலில் பறிபோவது அந்தப் பாதிப் படுக்கைதான். அன்று யார் வந்து உதவுவார் என்ற பெயரும் அதே தாளில் இருக்கட்டும்.